கணினி கிளம்பவில்லை: கோப்புகள் போகாமல் சரிசெய்ய எந்த வழி நல்லது?

போன வருடம் ஒரு நாள் இரவு பத்து மணிக்கு மேல் அக்கா போன் செய்தாள். லேப்டாப்பை ஆன் செய்தால் நீலத் திரை வருகிறது, தானாக அணைந்து மறுபடி ஆன் ஆகிறது, மறுபடியும் அதே நீலத் திரை. இரண்டு மூன்று சுற்று இப்படிப் போனபின் விண்டோஸ் சில பட்டன்களைக் காட்டியிருக்கிறது. "எல்லாவற்றையும் நீக்கு என்று ஒன்று இருக்கிறது. அதை அழுத்தினால் சரியாகிவிடுமா?" என்று கேட்டாள். அந்த லேப்டாப்பில் அவள் மகளின் ஆறு வருடப் படங்கள் இருந்தன. வேறு எங்கும் நகல் கிடையாது. "கையை எடு அக்கா, இப்போதைக்கு எதையும் அழுத்தாதே" என்றேன்.

அழுத்தியிருந்தால் லேப்டாப் சரியாகியிருக்கும். புதிது மாதிரி ஓடியிருக்கும். படங்கள் மட்டும் இருந்திருக்காது.

கணினி கிளம்பாதபோது நம் முன்னால் இருப்பது ஒரு வேலை அல்ல, இரண்டு. இயந்திரத்தை ஓட வைப்பது ஒன்று, உள்ளே இருக்கும் கோப்புகளைப் பத்திரமாக வெளியே கொண்டுவருவது இன்னொன்று. பதற்றத்தில் இரண்டையும் ஒன்றாக நினைத்துவிடுகிறோம். அதனால் நான் எந்த வழியைப் பற்றி யோசித்தாலும் முதலில் ஒரே ஒரு கேள்வி கேட்பேன்: இது டிஸ்க்கை (கோப்புகள் சேமிக்கப்படும் பாகத்தை) படிக்க மட்டும் செய்கிறதா, அல்லது அதில் எழுதுகிறதா? படிக்கும் வழி தோற்றுப்போனால் இன்னொன்றை முயலலாம். எழுதும் வழி தோற்றால் சில சமயம் திரும்பி வர முடியாது. கீழே உள்ள ஒப்பீடு முழுக்க இந்த ஒரு கேள்வியை வைத்துத்தான்.

முதலில் ஒரு ஆறுதல். கிளம்பவில்லை என்றால் கோப்புகள் போய்விட்டன என்று அர்த்தம் இல்லை. 2024 ஜூலை 19 அன்று க்ரவுட்ஸ்ட்ரைக் என்ற பாதுகாப்பு மென்பொருளுக்கு வந்த ஒரு தவறான அப்டேட்டால் உலகம் முழுக்க விண்டோஸ் கணினிகள் நீலத் திரையில் நின்றன. மைக்ரோசாஃப்ட் கொடுத்த கணக்குப்படி சுமார் 85 லட்சம் கணினிகள். விமானங்கள் நின்றன, மருத்துவமனைகள் தடுமாறின. இத்தனைக்கும் காரணம் ஒரு ஃபோல்டருக்குள் இருந்த ஒரே ஒரு சிறிய கோப்பு. சேஃப் மோடில் (மிக அவசியமானவற்றோடு மட்டும் விண்டோஸ் எழும் முறை) நுழைந்து அதை நீக்கியதும் கணினிகள் பழையபடி எழுந்தன. ஆவணங்களுக்கும் படங்களுக்கும் ஒன்றும் ஆகவில்லை. வீட்டுக் கணினி நிற்பதும் பெரும்பாலும் இந்த மாதிரிதான்: ஒரு டிரைவர் (கணினியின் ஒரு பாகத்தை இயக்கும் சிறு மென்பொருள்), பாதியில் நின்றுபோன ஒரு அப்டேட், கெட்டுப்போன ஒரு பூட் கோப்பு (விண்டோஸைக் கிளப்பும் கோப்பு).

எங்கே நிற்கிறது?

வழியைத் தேர்ந்தெடுக்கும் முன் இதைக் கவனித்தாக வேண்டும். பவர் பட்டனை அழுத்தினால் விளக்கே எரியவில்லையா? அப்படியானால் டிஸ்க்கைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம், கோளாறு மின்சாரப் பக்கம். சார்ஜரைக் கழற்றி, பேட்டரியைக் கழற்ற முடிந்தால் அதையும் கழற்றி, பவர் பட்டனை 30 விநாடி அழுத்திப் பிடித்துவிட்டு மறுபடி சார்ஜரை மட்டும் செருகிப் பாருங்கள். வேறு சார்ஜர் கிடைத்தால் அதையும் முயலுங்கள். விசிறி சுற்றுகிறது, ஆனால் திரை கறுப்பாகவே இருக்கிறது, 'பீப்' சத்தம் வருகிறது என்றால் ராம் (நினைவகப் பட்டை) தளர்ந்திருக்கலாம். கழற்றித் துடைத்து மறுபடி அழுத்திச் செருகினால் சரியாகிவிடுவது உண்டு.

கம்பெனி லோகோ வருகிறது, அதற்கு மேல் போகவில்லை என்றால் விண்டோஸ் பக்கம் கோளாறு. மிகவும் பொதுவானது இதுதான், கட்டுரையின் பெரும்பகுதியும் இதற்குத்தான்.

பூட் டிவைஸ் இல்லை, அதாவது கிளம்புவதற்கான டிஸ்க் இல்லை என்று செய்தி வந்தால் பயாஸ் (விண்டோஸுக்கு முன்னால் ஓடும் அடிப்படை அமைப்புத் திரை) உள்ளே போய் டிஸ்க்கின் பெயர் தெரிகிறதா என்று பாருங்கள். தெரிந்தால் நல்ல செய்தி. பழைய கணினிகளில் மதர்போர்டில் இருக்கும் சிஆர்2032 பட்டன் பேட்டரி தீர்ந்துபோனால் பயாஸ் அமைப்புகள் பழைய நிலைக்குப் போய், எந்த டிஸ்க்கிலிருந்து கிளம்ப வேண்டும் என்பதே மறந்துவிடும். டிஸ்க்கை அணுகும் முறை மாறிப்போனாலும் விண்டோஸ் நீலத் திரை காட்டும். இரண்டிலும் கோப்புகள் அப்படியே இருக்கும், ஒரு அமைப்பை மாற்றினால் போதும். ஆனால் பெயரே தெரியவில்லை என்றாலோ, ஹார்ட் டிஸ்க்கிலிருந்து 'டக் டக்' என்று சத்தம் வந்தாலோ உடனே அணைத்துவிடுங்கள். அதைப் பற்றிப் பின்னால் தனியாகச் சொல்கிறேன்.

48 இலக்கச் சாவி

இதை எந்த வழிக்கும் முன்னால் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் பாதிப் பேர் இங்கேதான் மாட்டிக்கொள்கிறார்கள். இப்போதைய லேப்டாப்கள் பலவற்றில் டிஸ்க் முழுவதும் விண்டோஸின் பிட்லாக்கர் என்ற வசதி மூலம் குறியாக்கம் செய்யப்பட்டிருக்கும், அதாவது சாவி இல்லாமல் படிக்க முடியாதபடி பூட்டப்பட்டிருக்கும். நாம் எதையும் ஆன் செய்திருக்க மாட்டோம். மைக்ரோசாஃப்ட் கணக்கோடு உள்நுழைந்தபோது அதுவே ஆன் ஆகியிருக்கும். விண்டோஸ் 11இன் 24எச்2 பதிப்பிலிருந்து இது இன்னும் பரவலாகிவிட்டது. கணினி ஒழுங்காக ஓடும்வரை நமக்குத் தெரியாது. பழுதுபார்க்கும் திரைக்குள் போகும்போதும், டிஸ்க்கைக் கழற்றி வேறு கணினியில் மாட்டும்போதும் 48 இலக்க மீட்புச் சாவியைக் கேட்கும்.

அந்தச் சாவி வழக்கமாக உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கில் பதிவாகியிருக்கும். கைப்பேசியிலிருந்தே அந்தக் கணக்கில் நுழைந்து, சாதனங்கள் பகுதியில் பார்த்து எழுதி வைத்துக்கொள்ளுங்கள். அலுவலக லேப்டாப் என்றால் சாவி ஐடி பிரிவினரிடம் இருக்கும், அவர்களிடம் கேட்காமல் எதையும் தொடாதீர்கள். 2024 ஜூலையில் ஒரு கோப்பை நீக்கும் ஐந்து நிமிட வேலை பல அலுவலகங்களில் நாள்கணக்கில் இழுத்ததற்கு இந்தச் சாவிகளைத் தேடி அலைந்ததும் ஒரு காரணம்.

கைப்பேசி கையில் இருக்கும்போதே இன்னொன்றையும் பார்த்துவிடுங்கள். ஒன்டிரைவ், கூகுள் டிரைவ் போன்றவற்றில் உங்கள் கோப்புகள் ஏற்கெனவே ஏறியிருக்கின்றனவா? ஒன்டிரைவ் பலருக்குத் தெரியாமலேயே டெஸ்க்டாப், டாக்குமென்ட்ஸ், பிக்சர்ஸ் ஃபோல்டர்களை மேலே ஏற்றிக்கொண்டிருக்கும். வேண்டியதெல்லாம் அங்கே இருந்தால் இந்தக் கட்டுரையின் பாதி உங்களுக்குத் தேவைப்படாது.

விண்டோஸே தரும் பழுதுநீக்கும் வழிகள்

விண்டோஸ் 10, 11 இரண்டிலும், கிளம்பும் முயற்சி தொடர்ந்து இரண்டு மூன்று முறை தோற்றால் மீட்புத் திரை தானாக வரும். வராவிட்டால், லோகோ தெரியும்போது பவர் பட்டனைப் பத்து விநாடி அழுத்தி அணைத்து, இதையே இரண்டு மூன்று முறை செய்தால் வரும். அதில் டிரபிள்ஷூட், அதற்குள் அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ். அங்கே பல வழிகள் வரிசையாக நிற்கும். எல்லாம் ஒரே அளவு ஆபத்து உள்ளவை போலத் தெரியும், அப்படி இல்லை.

என் முதல் தேர்வு சேஃப் மோட். ஸ்டார்ட்அப் செட்டிங்ஸ் போய், மறுதொடக்கம் ஆனதும் 4 என்ற எண்ணை அழுத்தினால் விண்டோஸ் மிக அவசியமான டிரைவர்களை மட்டும் வைத்துக்கொண்டு எழும். உங்கள் கோப்புகளில் எதையும் மாற்றாது, எதையும் நீக்காது. உள்ளே நுழைந்துவிட்டால் பாதிக் கிணறு தாண்டியாயிற்று. கோளாறைத் தேடுவதற்கு முன்னால் வெளி டிஸ்க் ஒன்றைச் செருகிக் கோப்புகளை நகலெடுத்துவிடுங்கள். அப்புறம் கடைசியாகப் போட்ட மென்பொருளையோ டிரைவரையோ நீக்கிப் பார்க்கலாம்.

அப்டேட் வந்த மறுநாளே இப்படி ஆனது என்றால் அன்இன்ஸ்டால் அப்டேட்ஸ் என்பதுதான் நேரான வழி. கடைசியாக வந்த அப்டேட்டை மட்டும் திரும்பப் பெறும். சொந்தக் கோப்புகளைத் தொடாது.

ஸ்டார்ட்அப் ரிப்பேர் பெயருக்கு ஏற்றபடி பூட் கோப்புகளைச் சரிசெய்யப் பார்க்கும். ஆரோக்கியமான டிஸ்க்கில் இதனால் கெடுதல் இல்லை. ஆனால் சரிசெய்ய முடியவில்லை என்று அது கைவிரிப்பதைத்தான் நான் அதிகம் பார்த்திருக்கிறேன். ஒரு முறை முயலுங்கள், முடியாவிட்டால் விட்டுவிடுங்கள். பத்து முறை ஓட்டினாலும் அதே பதில்தான். டிஸ்க்கையே சந்தேகப்பட்டால் இதையும் ஓட்டக் கூடாது, ஏனென்றால் டிஸ்க் சோதனையையும் இது தானாக நடத்தும்.

சிஸ்டம் ரீஸ்டோர் இவற்றைவிடக் கொஞ்சம் பெரிய மாற்றம். பழைய தேதியொன்றின் நிலைக்கு விண்டோஸைத் திருப்பும். அந்தத் தேதிக்குப் பின் போட்ட மென்பொருள்களும் டிரைவர்களும் போகும், ஆவணங்களும் படங்களும் அப்படியே இருக்கும். நல்ல வழிதான், ஆனால் மீட்புப் புள்ளி (அந்தப் பழைய நிலையின் பதிவு) முன்கூட்டியே உருவாகியிருந்தால்தான் வேலை செய்யும். பல கணினிகளில் அந்த வசதியே அணைந்திருக்கும். நடுவில் மின்சாரம் போனால் நிலைமை இன்னும் மோசமாகும், ஆகவே சார்ஜரைச் செருகிவிட்டுத்தான் தொடங்க வேண்டும்.

இதே திரையில் கமாண்ட் ப்ராம்ப்ட் என்று, கட்டளைகளைத் தட்டச்சு செய்யும் ஜன்னல் ஒன்று உண்டு. இணையத்தில் கிடைக்கும் கட்டளைகளை இதில் அப்படியே அடித்துப் பார்க்கும் பழக்கம் எனக்கு மிகுந்த கவலை தருகிறது. டிஸ்க்பார்ட் என்ற கருவியில் 'க்ளீன்' என்று ஒரு சொல் அடித்தால் போதும், பார்ட்டிஷன்கள் (சி, டி போன்ற டிஸ்க்கின் பிரிவுகள்) எல்லாம் ஒரு நொடியில் மறைந்துவிடும். சுத்தம் செய்வது நல்லதுதானே என்று நினைத்து அடித்தவர்கள் உண்டு. டிஸ்க்கைச் சோதித்துப் பிழைகளைத் திருத்தும் செக் டிஸ்க்கும் அப்படித்தான்: டிஸ்க் நன்றாக இருந்தால் உதவும், சாகும் நிலையில் இருந்தால் மணிக்கணக்கில் அதை உலுக்கி எடுத்து, ஃபோல்டர் கட்டமைப்பையும் மாற்றி எழுதிவிடும். நகல் எடுக்காத டிஸ்க்கில் அதை ஓட்டவே கூடாது என்பது என் கருத்து.

சரிசெய்யும் முன் நகலெடுத்தல்: மூன்று வழிகள்

சேஃப் மோடும் திறக்கவில்லையா? பழுதை ஓரமாக வைத்துவிட்டுக் கோப்புகளை எடுக்கும் வேலைக்கு வந்துவிடுங்கள். மூன்று வழிகள் இருக்கின்றன, மூன்றும் டிஸ்க்கைப் படிப்பவை.

முதலாவது பலருக்குத் தெரியாத ஒரு குறுக்குவழி. அதே கமாண்ட் ப்ராம்ப்டில் நோட்பேட் என்று ஆங்கிலத்தில் அடித்தால் நோட்பேட் திறக்கும். அதில் ஃபைல், ஓபன் என்று போனால் ஒரு சின்ன ஜன்னல் வரும். ஆல் ஃபைல்ஸ் என்று மாற்றிக்கொண்டால் டிஸ்க்கில் உள்ள எல்லாம் தெரியும். ஃபோல்டரை வலது கிளிக் செய்து காப்பி, வெளி டிஸ்க்கில் பேஸ்ட். தனியாக எதையும் பதிவிறக்க வேண்டாம், திறக்க வேண்டாம், கழற்ற வேண்டாம். பிட்லாக்கர் சாவியை ஏற்கெனவே கொடுத்திருந்தால் பூட்டிய டிஸ்க்கும் திறந்தே இருக்கும். குறை என்னவென்றால், நகல் எவ்வளவு முடிந்தது என்று இந்த ஜன்னல் காட்டாது, உறைந்துபோனதுபோல நிற்கும். டிரைவ் எழுத்துகளும் மாறியிருக்கும், வழக்கமான சி டிரைவ் இங்கே டி ஆகவோ வேறொன்றாகவோ இருக்கலாம். பத்து இருபது ஜிபி அளவுக்கு இது அருமை. அதற்கு மேல் போனால் பொறுமை சோதிக்கப்படும்.

இரண்டாவது, பென் டிரைவிலிருந்து ஓடும் லினக்ஸ். எனக்கு மிகவும் பிடித்தது இது. லினக்ஸ் மின்ட் அல்லது உபுண்டுவை வேறொரு கணினியில் பதிவிறக்கி, ரூஃபஸ் அல்லது எட்சர் என்ற மென்பொருள் கொண்டு பென் டிரைவில் ஏற்றிக்கொள்ளுங்கள். 16 ஜிபி பென் டிரைவ் தாராளமாகப் போதும், ஆனால் அதில் ஏற்கெனவே இருப்பதெல்லாம் அழிந்துவிடும் என்பதை மறக்க வேண்டாம். கிளம்பாத கணினியில் அதைச் செருகி, பூட் மெனு (எதிலிருந்து கிளம்புவது என்று கேட்கும் பட்டியல்) வழியாக அதிலிருந்து கிளப்பினால் சில நிமிடங்களில் ஒரு முழு டெஸ்க்டாப் முன்னால் வந்து நிற்கும். விண்டோஸ் எவ்வளவு கெட்டிருந்தாலும் இதற்குக் கவலை இல்லை, ஏனென்றால் விண்டோஸின் ஒரு வரியைக்கூட இது ஓட்டுவதில்லை. முதல் திரையில் நிறுவவா, முயன்று பார்க்கவா என்று கேட்டால் முயன்று பார்ப்பதையே தேர்ந்தெடுங்கள். நிறுவு என்பதைத் தொட்டால் கதை மாறிவிடும்.

லினக்ஸில் ஒரு நல்ல குணம் உண்டு. விண்டோஸ் சரியாக அணையாமல் உறக்கநிலையில் நின்றுபோயிருந்தால், அந்த டிஸ்க்கை எழுத முடியாதபடி படிக்க மட்டுமே திறக்கும். பிழைச் செய்தி போலத் தெரியும், பயப்பட வேண்டாம். நமக்கு வேண்டியதும் படிப்பது மட்டும்தானே.

இரண்டு இடத்தில் இது தடுக்கலாம். சில புதிய இன்டெல் லேப்டாப்களில் டிஸ்க் விஎம்டி என்ற அமைப்புக்குப் பின்னால் மறைந்திருந்து, வெளியிலிருந்து கிளம்பும் மென்பொருளுக்குத் தெரியாமல் போகும். டிஸ்க் தெரியவில்லை, ஆகவே செத்துவிட்டது என்று அவசரப்பட்டு முடிவு செய்யாதீர்கள். இன்னொன்று, ஒன்டிரைவில் மட்டும் இருந்து, கணினியில் பெயரளவுக்குத் தெரியும் கோப்புகள். அவற்றை லினக்ஸால் திறக்க முடியாது, அவற்றின் உள்ளடக்கம் இணையத்தில்தான் இருக்கிறது. உலாவியில் நுழைந்து எடுத்துக்கொள்ள வேண்டியதுதான்.

மூன்றாவது, டிஸ்க்கைக் கழற்றி வேறு கணினியில் யுஎஸ்பி வழியாக மாட்டுவது. விளக்கே எரியாத கணினிக்கு இதை விட்டால் வேறு வழி இல்லை. வேகமும் இதில்தான் அதிகம். ஆனால் சரியான இணைப்பான் வேண்டும். லேப்டாப்பின் 2.5 அங்குல சாட்டா டிஸ்க்குக்குச் சாதாரண யுஎஸ்பி கேபிள் போதும். டெஸ்க்டாப்பின் 3.5 அங்குல டிஸ்க்குக்குத் தனியாக மின்சாரம் கொடுக்கும் அடாப்டர் உள்ளது வேண்டும். சூயிங்கம் பட்டை மாதிரி இருக்கும் எம்.2 வகையில் சாட்டா, என்விஎம்இ என்று இரண்டு இனம் உண்டு, பார்க்க ஒரே மாதிரி இருக்கும். டிஸ்க்கை உள்ளே வைத்து மாட்டும் யுஎஸ்பி பெட்டியை வாங்கும் முன் டிஸ்க்கின் மேல் ஒட்டியிருக்கும் லேபிளைப் படித்துவிடுங்கள்.

மாட்டியவுடன் இரண்டு செய்திகள் வரலாம். ஃபோல்டரைத் திறக்க அனுமதி இல்லை, தொடரவா என்று கேட்டால் தொடரலாம், நேரம் எடுக்கும், ஃபோல்டரின் அனுமதி விவரத்தை மட்டும் விண்டோஸ் மாற்றி எழுதும். டிஸ்க்கைப் பயன்படுத்த ஃபார்மட் செய்ய வேண்டும் என்று கேட்டால் கேன்சல். கண்ணை மூடிக்கொண்டு கேன்சல். அந்தச் செய்திக்கு அர்த்தம் டிஸ்க் காலி என்பது அல்ல, இந்தக் கணினிக்கு அதைப் படிக்கத் தெரியவில்லை என்பதுதான்.

மூன்றில் எது? கணினிக்கு உயிர் இருந்து, கோப்புகள் குறைவாக இருந்தால் நோட்பேட் வழி. நிறைய இருந்தால், அல்லது மீட்புத் திரையே வராவிட்டால் லினக்ஸ். மதர்போர்டு போயிருந்தாலோ, கழற்றிப் பழக்கம் இருந்தாலோ மூன்றாவது. சில மெல்லிய லேப்டாப்களில் சேமிப்புச் சிப் மதர்போர்டோடு பற்றவைக்கப்பட்டிருக்கும், அங்கே மூன்றாவதற்கு இடமே இல்லை. மேக் கணினிகளில் இது சாதாரணம். 2020 இறுதியில் வந்த எம்1 முதலான மேக்குகளில் தகவல் அந்தச் சிப்போடு பிணைந்தே குறியாக்கம் ஆகியிருக்கும். அவற்றில் பவர் பட்டனை அழுத்திப் பிடித்து மீட்புத் திரைக்குப் போய், ஷேர் டிஸ்க் மூலம் இன்னொரு மேக்குக்குக் கோப்புகளை அனுப்பலாம். மேக்ஓஎஸ்ஸை அங்கிருந்தே மறுபடி நிறுவினாலும், டிஸ்க்கை அழிக்கச் சொல்லாத வரை சொந்தக் கோப்புகள் தங்கும்.

எதை நகலெடுப்பது என்பதிலும் கவனம் வேண்டும். டெஸ்க்டாப், டாக்குமென்ட்ஸ், பிக்சர்ஸ், டவுன்லோட்ஸ் எல்லோருக்கும் நினைவு வரும். பயனர் ஃபோல்டருக்குள் மறைந்திருக்கும் ஆப்டேட்டா யாருக்கும் நினைவு வராது. உலாவியின் புக்மார்க்குகள், சில மின்னஞ்சல் மென்பொருள்களின் கடிதங்கள், ஸ்டிக்கி நோட்ஸ் குறிப்புகள் எல்லாம் அங்கேதான். ஆகவே தேடிப் பொறுக்காமல் உங்கள் பெயரில் இருக்கும் பயனர் ஃபோல்டரை முழுதாக எடுத்துவிடுங்கள். வரவு செலவுக் கணக்கு மென்பொருள் ஏதாவது வைத்திருந்தால் அதன் தகவல் எந்த ஃபோல்டரில் இருக்கிறது என்று தனியாகத் தேடுங்கள். உலாவியில் சேமித்த கடவுச்சொற்கள் மட்டும் இப்படி நகலாக வந்தாலும் பயன்படாது, அவை அந்த விண்டோஸ் கணக்கோடு பூட்டப்பட்டவை. நகலெடுக்கும் வெளி டிஸ்க் ஃபேட்32 வகையாக இருந்தால் 4 ஜிபிக்கு மேற்பட்ட ஒரு வீடியோகூட ஏறாது, எக்ஸ்ஃபேட் ஆக இருப்பது நல்லது.

ரீசெட்டா, புதிதாகப் போடுவதா?

நகல் கைக்கு வந்துவிட்டது என்றால் இனி எழுதும் வழிகளுக்குப் போகலாம். நகல் இல்லாமல் இந்தப் பகுதிக்கு வராதீர்கள்.

மீட்புத் திரையில் இருக்கும் ரீசெட் திஸ் பிசி இரண்டு கிளைகளாகப் பிரியும். ரிமூவ் எவ்ரிதிங் என்பது அக்கா கேட்ட பட்டன். கீப் மை ஃபைல்ஸ் என்பது மென்பொருள்களை நீக்கி, விண்டோஸைப் புதிதாக வைத்து, சொந்தக் கோப்புகளை விட்டுவைக்கும். பெயர் நம்பிக்கை தருகிறது, பெரும்பாலும் சொன்னபடியே செய்யவும் செய்யும். ஆனால் 'என் கோப்புகள்' என்று விண்டோஸ் நினைப்பதும் நீங்கள் நினைப்பதும் ஒன்றல்ல. ப்ரோக்ராம் ஃபைல்ஸ் ஃபோல்டருக்குள் தன் தரவுகளை வைக்கும் பழைய மென்பொருள்களின் தகவலும், நான் சொன்ன ஆப்டேட்டாவும் அதன் பாதுகாப்புப் பட்டியலில் இல்லை. பல வருடக் கணக்குவழக்கு அந்த ஒரு ஃபோல்டரில் இருந்து, ரீசெட்டுக்குப் பின் காணாமல் போனால் அந்த மென்பொருளை மறுபடி நிறுவினாலும் காலியாகத்தான் திறக்கும். ரீசெட்டில் இணையத்திலிருந்து பதிவிறக்கிப் போடும் வழியும் உண்டு. சுமார் 4 ஜிபி இறங்கும், ஆனால் கணினியில் இருக்கும் விண்டோஸ் கோப்புகளே கெட்டிருந்தால் அதுதான் நம்பகமானது.

பென் டிரைவிலிருந்து விண்டோஸ் நிறுவும்போது பார்ட்டிஷனை ஃபார்மட் செய்யாமல் அதன் மேலேயே போட்டால், பழையவை விண்டோஸ்.ஓல்ட் என்ற ஃபோல்டருக்குள் போய் உட்காரும். கோப்புகளை அங்கிருந்து எடுத்துக்கொள்ளலாம். தெரிந்து செய்பவர்களுக்கு இது கைகொடுக்கும். ஆனால் அந்தத் திரையில் ஃபார்மட், டெலீட் பட்டன்கள் பக்கத்திலேயே இருக்கின்றன, ஒரு தவறான கிளிக் போதும். அந்த ஃபோல்டரையும் விண்டோஸ் பிற்பாடு இடம் அடைக்கிறது என்று தானே நீக்கிவிடும். முதல் திட்டமாக இதை நான் யாருக்கும் சொல்ல மாட்டேன்.

இந்த மூன்றையும்விட நான் விரும்பும் ஒரு வழி இருக்கிறது: பழைய டிஸ்க்கைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு, புதிய எஸ்எஸ்டி (சுற்றும் தட்டு இல்லாமல் சிப்பில் சேமிக்கும் டிஸ்க்) ஒன்றை மாட்டி அதில் விண்டோஸ் போடுவது. செலவு உண்டு. ஆனால் பழைய டிஸ்க்கில் ஒரு எழுத்துகூட மாறாது. மூன்று மாதம் கழித்து "ஐயோ, அந்த ஒரு கோப்பை எடுக்க மறந்துவிட்டேனே" என்று நினைவு வந்தாலும் அது அங்கேயே இருக்கும். பழைய டிஸ்க் ஹார்ட் டிஸ்க்காக இருந்தால் கணினியின் வேகமும் கூடிவிடும்.

ஃபார்மட் செய்தாலும் மீட்பு மென்பொருள் வைத்து எடுத்துவிடலாம் என்று சொல்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். சுற்றும் ஹார்ட் டிஸ்க்கில் அது ஓரளவு உண்மை, மேலே எழுதப்படாத வரை பழைய தகவல் அங்கேயே கிடக்கும். எஸ்எஸ்டியில் அப்படி இல்லை. ட்ரிம் என்ற கட்டளை மூலம், நீக்கிய இடங்களைக் காலியாக்கச் சொல்லி விண்டோஸ் டிஸ்க்குக்குச் சொல்லிவிடும், டிஸ்க்கும் துடைத்துவிடும். க்விக் ஃபார்மட்டுக்குப் பின் எஸ்எஸ்டியிலிருந்து எதையாவது மீட்கலாம் என்பது பெரும்பாலும் வெறும் நம்பிக்கைதான். அந்தப் பழைய அறிவுரையை இன்றைய லேப்டாப்புக்குப் பொருத்தக் கூடாது.

டிஸ்க்கே சாகும் நிலையில் இருந்தால்

சத்தம் வரும் ஹார்ட் டிஸ்க்குக்கு மேலே சொன்ன எதுவும் பொருந்தாது. அதற்குள் படிக்கும் முனை, சுற்றும் தட்டின் மேல் சில நானோமீட்டர் உயரத்தில் மிதக்கிறது. அது தட்டை உரசத் தொடங்கியிருந்தால், நீங்கள் ஆன் செய்யும் ஒவ்வொரு முறையும் தகவலைச் சுரண்டிக்கொண்டிருக்கிறது. இன்னும் ஒரு முறை முயன்று பார்ப்போமே என்ற ஆசையை அடக்கிக்கொள்ளுங்கள். ஃப்ரிட்ஜில் வைப்பது, தட்டிப் பார்ப்பது, வீட்டிலேயே திறப்பது எதுவும் வேண்டாம். தூசியில்லா அறை வைத்திருக்கும் தரவு மீட்பு நிறுவனம்தான் ஒரே நம்பிக்கை. செலவு அதிகம், உத்தரவாதமும் இல்லை. ஆகவே உள்ளே இருப்பது அந்தச் செலவுக்கு ஈடானதா என்பதை முதலில் உட்கார்ந்து யோசியுங்கள்.

சத்தம் இல்லை, ஆனால் நகலெடுக்கும்போது அங்கங்கே நின்று நின்று போகிறது என்றால் நடுவில் ஒரு நிலை. இங்கே ஃபோல்டர்களை இழுத்துப் போடுவதைவிட டிடிரெஸ்க்யூ என்ற லினக்ஸ் கருவி நல்லது. எளிதாகப் படிக்க முடிகிற பகுதிகளை முதலில் எடுத்துவிட்டு, கெட்ட பகுதிகளுக்குக் கடைசியில்தான் திரும்பும். எதுவரை எடுத்தது என்று குறித்தும் வைத்துக்கொள்ளும், நடுவில் நிறுத்தித் தொடரலாம். எந்த டிஸ்க்கிலிருந்து எந்த டிஸ்க்குக்கு என்பதை மாற்றிக் கொடுத்துவிட்டால் எல்லாம் போய்விடும், அந்த ஒரு வரியை இரண்டு முறை படித்துவிட்டு எண்டர் அழுத்துங்கள். எஸ்எஸ்டி விஷயத்தில் முன்னெச்சரிக்கைச் சத்தம் எதுவும் இருக்காது. நேற்று இருந்தது, இன்று பயாஸில்கூடத் தெரியாது. அப்படியானால் அதுவும் மீட்பு நிறுவனத்துக்கான வேலைதான்.

நேரம் இல்லை, தைரியம் இல்லை என்றால் பழுதுபார்ப்பவரிடம் கொடுப்பதில் தவறில்லை. ஆனால் லேப்டாப் ஆன் ஆகவில்லை என்று மட்டும் சொல்லிக் கொடுக்காதீர்கள். அவருக்கு அது விண்டோஸ் போடும் வேலை, ஃபார்மட் அடித்துப் புதிதாகப் போட்டுக் கொடுத்துவிடுவார். உள்ளே இருக்கும் கோப்புகள் வேண்டும், அவற்றை இந்த வெளி டிஸ்க்கில் எடுத்துக் காட்டியபின் மற்றதைச் செய்யுங்கள் என்று சொல்லி, அதை ரசீதிலும் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

அக்காவின் லேப்டாப் டிஸ்க் பூட்டியிருந்தது. மறுநாள் காலை அவள் கைப்பேசியிலேயே 48 இலக்கத்தைக் கண்டுபிடித்தோம். லினக்ஸ் பென் டிரைவில் கிளப்பி, அந்தச் சாவியைக் கொடுத்து, பயனர் ஃபோல்டர் முழுவதையும் வெளி டிஸ்க்குக்கு எடுக்க மூன்று மணி நேரம் ஆனது. நகலான படங்களில் அங்கொன்றும் இங்கொன்றுமாக இருபது முப்பதைத் திறந்து பார்த்தோம், வீடியோக்களைக் கடைசிவரை ஓட்டிப் பார்த்தோம். அதன் பிறகுதான் மீட்புத் திரைக்குப் போய் முந்தைய நாள் வந்த அப்டேட்டை நீக்கச் சொன்னேன். ஐந்தே நிமிடத்தில் லேப்டாப் எழுந்தது.